சேற்றில் மூன்று தடங்கள்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் ஒரு பாம்பும் இருக்கக் கூடாது. இருந்தால் வீடு போய்விடும்.

எஸ்தர் ஹோஸ்டெட்லர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற ஆளும் அல்ல அவள். ஒஹாயோவிலிருந்து தன் திருச்சபை ஆட்கள் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, கடல் ஏறிய வீடுகளைக் கூலி வாங்காமல் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உரிப்பது என்றால் ஊறிய ஜிப்சம் பலகை, அதற்குப் பின்னாலுள்ள பஞ்சு, தரை என்று எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிட்டு மரச்சட்டத்தை மட்டும் காற்றாட நிறுத்துவது. செப்டம்பர் வெக்கையில் அதைச் செய்யாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் பூஞ்சை கூரை வரை ஏறிவிடும். அதன் பிறகு அரசாங்க இயந்திரம் வந்து வீட்டையே இடித்து லாரியில் அள்ளிக்கொண்டு போகும். புயல் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. பட்டியலில் நோலன் தெரியோவின் முறை வியாழன். அதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு மூன்று வாரம்.

செவ்வாய் காலை அவள் வீட்டைப் பார்க்க வந்தாள். சமையலறை வாசலில் ஒரு கால் வைத்தாள். குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் ஒரு வால் நிதானமாக உள்ளே போவதைப் பார்த்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

போன வருஷம் வேறொரு ஊரில், சபை ஆள் ஒருவர் பலகைக்குப் பின்னால் கைவிட்டிருக்கிறார். பாம்பு கடித்து இரண்டு விரல் போய்விட்டது. அன்றிலிருந்து இந்த விதி. வியாழன் ஏழு மணிக்கு வருவேன், வீட்டில் ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னால் ஆட்களை இறக்குவேன், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த வீடு என்றாள். நோலன் சரி என்றான். பதினான்கு மாதமாக அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஜூலையில் அவன் மனைவி மார்செலின் இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நோலன் கூடத்துச் சோபாவில் படுத்தான். படுக்கையறைக் கதவு மூடியே கிடந்தது. பூட்டவில்லை. திறக்கவுமில்லை.

வேலைக்கு மட்டும் தவறாமல் போனான். வெர்மில்லியன் வட்டாரத்தில் நெல் போடுகிறவர்களும் நன்னீர் இறால் வளர்க்கிறவர்களும் கால்வாய்த் தண்ணீரை வயலுக்குத் திறக்கும் முன் அதில் எவ்வளவு உப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும். நோலன் மீட்டரோடு போவான், கம்பியைத் தண்ணீரில் விடுவான், எண்ணைச் சொல்வான். அதற்கு மேல் யாரும் அவனிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. அது அவனுக்குத் தோதாக இருந்தது.

புயலுக்கு ஊரைவிட்டுப் போயிருந்த அவனும் மார்செலினின் அண்ணன் க்ளோவிஸும் திங்கட்கிழமைதான் வீட்டுக்குத் திரும்பினார்கள். பின்கதவைக் காணோம். அது இருந்த இடம் வழியாகச் சதுப்புப் புல் வண்டி வண்டியாக உள்ளே வந்து சமையலறையிலும் குளியலறையிலும் குவிந்திருந்தது. கடல் பதினோரு அங்குலம் ஏறி நின்றிருக்கிறது. சுவரில் பழுப்புக் கோடு. தரை முழுக்க வழுவழுவென்று ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. புல்குவியலிலிருந்து ஒரு பாம்பு தலையைத் தூக்கியது. க்ளோவிஸ் களைக்கொத்தால் ஒரே போடு போட்டான்.

காங்கோ என்றான். வாயைத் திறந்தால் பஞ்சு வெள்ளையாக இருக்கும் அந்த விஷப் பாம்புக்கு இங்கே அதுதான் பெயர். நோலன் குனிந்து பார்த்தான். கண்மணி வட்டமாக இருந்தது. காங்கோவுக்குப் பூனை மாதிரி நெட்டுக் கண்மணி. இது வெறும் தண்ணீர்ப் பாம்பு என்றான்.

“என் தங்கச்சி வீட்டுக்குள்ள வர்ற பாம்புக்கு நான் கண் பரிசோதனை பண்ண மாட்டேன் மாப்ள” என்றான் க்ளோவிஸ்.

அன்று மாலை இன்னொன்று. செவ்வாய் காலை எஸ்தர் பார்த்த வால். அக்கம்பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு வந்துதான் இருந்தன. ஆனால் விரட்டினால் போயின. நோலன் வீட்டுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. சதுப்புக்கு நடுவே ஒரு நீள மேட்டில்தான் ஊர் இருந்தது; அந்த மேட்டுத் தெருவில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. தெரியோ வீட்டுத் தரைக்கடியில் புற்றே இருக்கிறதாம். ஆள் சரியாக இல்லாத வீட்டில் அப்படித்தானாம். பின்னதை க்ளோவிஸ் சொல்லவில்லை, ஆனால் சொன்னவர்களை மறுக்கவும் இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

ஏன் இங்கே மட்டும்? எஸ்தரின் வேன் போன பிறகு நோலன் வாசலில் நின்று இதை யோசித்தான். யோசிக்கிறோம் என்று அவனுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

தரையைப் பார்த்தான். சேற்றில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிறுக்கிக் கிடந்தன. ஒரு நீளத் தகரத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வாசற்படியிலும் சேற்றை வழித்துச் சமன்செய்தான். பின்வாசல், சமையலறை, நடை, குளியலறை. படுக்கையறைக் கதவுக்கு முன்னாலும். புதிதாகத் துடைத்த சிலேட்டு மாதிரி ஆக்கிவிட்டு, க்ளோவிஸின் டிரெய்லர் வண்டி வீட்டுக்குப் படுக்கப் போனான்.

புதன் காலை ஆறு மணிக்கு வந்தபோது சேற்றில் எல்லாம் எழுதியிருந்தது.

மூன்று தடங்கள். ஒன்று மணிக்கட்டுக் கனம். இன்னொன்று இரண்டு விரல். மூன்றாவது சுண்டுவிரல் கனம்தான், மெல்லிய நெளிவு, குழந்தை போட்ட கோடு மாதிரி. நோலன் முழங்காலிட்டான். போயிருக்கிறதா, வந்திருக்கிறதா? தடத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. முகத்தைத் தரைக்கு ஒட்டக் கொண்டுபோய்ச் சாய்வாகப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மட்டும் சேறு சின்னக் கரையாக ஒதுங்கியிருந்தது. துடுப்புப் போடுகிறவன் தண்ணீரைப் பின்னால் தள்ளித்தானே முன்னால் போகிறான். பாம்பும் சேற்றைப் பின்னால்தான் தள்ளும். அப்படியானால் கரை இருக்கிற பக்கம் வால், மறுபக்கம் தலை.

அதன் பிறகு படிப்பது சுலபமாக இருந்தது. பெரியது பின்வாசல் வழியாக வந்து, சமையலறையைக் குறுக்கே கடந்து, நேராகக் குளியலறைக்குப் போயிருக்கிறது. போயிருக்கிறது, வந்திருக்கிறது, மறுபடி போயிருக்கிறது. நடுத்தரமானதும் அதே வழி. சந்தைக்குப் போகிற ஜனம் மாதிரி ஒரே பாதை. சின்னது மட்டும் நடையில் திரும்பி, சுவரோரமாகவே போய், படுக்கையறைக் கதவின் அடியில் நுழைந்திருந்தது. உள்ளே போன தடம் உண்டு. வெளியே வந்த தடம் இல்லை.

அந்தக் கதவை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குளியலறைக்குப் போனான்.

பிரம்புக் கூடை ஒன்று மிதந்து வந்து குளியல் தொட்டியின் ஓரத்தில் சிக்கி நின்றிருந்தது. அதன் மேல் புல். புல்லின் மேல் சேற்றுத் தடம், தொட்டியின் விளிம்பு வரை. நாலு கால் வைத்த பழைய இரும்புத் தொட்டி அது. விளிம்பு இரண்டடி உயரம். கடல் அதுவரை ஏறவில்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. தண்ணீரின் ஓரத்தில், உடம்பைப் புல்லில் போட்டுக்கொண்டு, தலையை மட்டும் கீழே நீட்டி, காங்கோ இருந்தது.

கண்மணி நெட்டாக இருந்தது. அவன் கதவருகிலேயே அசையாமல் நின்றான். அது அவனைப் பொருட்படுத்தவில்லை. மூக்கு நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாடைக்குப் பின்னால் தசை மெதுவாக ஏறி இறங்கியது, பல்லில்லாதவர் ரொட்டியை மெல்வது மாதிரி. நாக்கால் நக்கவில்லை. வாயைத் திறந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் குடிக்கும் இது? அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நிமிஷம் ஆனது. ஐந்தானது. ஒரு பொருளை இவ்வளவு நேரம் அவன் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

தன் சின்ன லாரிக்குப் போய் மீட்டரை எடுத்து வந்தான். நீளக் குச்சியின் நுனியில் கம்பியைக் கட்டித் தொட்டியின் மறு கோடியில் விட்டான். உப்பு இல்லை என்றே சொல்ல வேண்டும். வெளியே போய் வாசல் பள்ளத்தில் விட்டான்: ஆயிரத்துக்குப் பதினெட்டு பங்கு உப்பு. க்ளோவிஸின் மாட்டுக் குட்டை: பதினாறு. சாலை வாய்க்கால்: இருபது. மழைநீர்த் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. மேட்டின் இரண்டு கோடி வரையும் லாரியில் போய்ப் பதினோரு இடத்தில் அளந்தான். எங்கும் கடல்தான். சதுப்பில் நல்ல தண்ணீரில் வாழ்ந்த அத்தனையும் ஏழு நாளாகத் தாகத்தில் இருந்தன. இந்தச் சுற்று வட்டாரத்தில் நல்ல தண்ணீர் என்று இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான்.

அதை நிரப்பி வைத்தது அவன்தான். புயல் வருகிறது என்றால் இங்கே எல்லாரும் முதலில் செய்வது குளியல் தொட்டியை நிரப்புவது. மின்சாரம் போய் மோட்டார் நின்றால் கழுவவும் கொட்டவும் வேண்டுமே. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டு எண்பது மைல் வடக்கே ஓடுகிறவனுக்கு அந்தத் தண்ணீர் எதற்கு என்று அன்று கை யோசிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, நிரம்பும் வரை நின்று, மூடிவிட்டு, லாரியில் ஏறினான்.

க்ளோவிஸ் துப்பாக்கியோடு வந்தான். தொட்டியிலேயே சுட்டுவிடலாம் என்றான்.

“தொட்டி ஓட்டையாயிடும் மச்சான். தண்ணியெல்லாம் தரைக்கடியில போகும். அப்புறம் அதுங்க எல்லாம் எங்க போகும்?”

க்ளோவிஸ் யோசித்தான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். அப்படியானால் தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே கொட்டிவிடலாம் என்றான். நோலன் அதையும் யோசித்திருந்தான். கொட்டிவிட்டால் உள்ளே இருப்பவை தாகத்தோடு சுவருக்குள் ஈரம் தேடிப் போகும். நாளைக்கு ஒஹாயோக்காரர்கள் கைவிடப் போவது அதே சுவருக்குள்தான். தண்ணீரை ஒழிக்கக் கூடாது. வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவற்றுக்குத் தெரிகிற மாதிரி.

“பாம்புக்குத் தண்ணிப் பந்தலா?”

“ஆமா.”

“இந்தக் கரையில காங்கோவுக்கு விருந்து வைக்கிற மொதக் கத்தோலிக்கன் நீதான் மாப்ள. பாதிரியார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

புயல் க்ளோவிஸின் தட்டைப் படகைத் தூக்கி வந்து ஓக் மரங்களுக்கு அடியில், வீட்டிலிருந்து நூற்றைம்பது எட்டில், ஒருபக்கம் சாய்த்துப் போட்டிருந்தது. அதுதான் இடம். ஆனால் முதலில் தொட்டியில் இருப்பதை எடுக்க வேண்டும். நண்டு பிடிக்கிற நீளக் காம்பு வலையை நோலன் பிடித்தான். க்ளோவிஸ் தன் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இது பீர் வைக்கிற பெட்டி, இனி இதில் பீர் வைத்தால் எனக்கு இறங்காது என்று முனகினான். வலை உடம்புக்கு அடியில் போனபோது காங்கோ வாயைப் பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அது கடிக்க வரவில்லை. திறந்த வாயைக் காட்டிக்கொண்டே இருந்தது. வலையோடு பெட்டிக்குள் இறக்கி, வலையை உருவி, மூடியைச் சாத்தி, க்ளோவிஸ் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். முப்பத்திரண்டு நடை. இருபதாவது நடையில் க்ளோவிஸ் நின்று, மார்செலினாக இருந்தால் இந்நேரம் பாம்புக்குப் பெயர் வைத்திருப்பாள் என்றான். நோலன் ஆமாம் என்றான். அவள் பெயரை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லி நாளாகியிருந்தது. க்ளோவிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

படகின் சாய்ந்த பக்கத்தில் தண்ணீர் தேங்கியது. விளிம்பில் புல்லைச் சாய்த்துச் சரிவு செய்தார்கள். ஐஸ் பெட்டியை அங்கே வைத்துத் திறந்துவிட்டு விலகி நின்றார்கள். காங்கோ அவசரப்படாமல் இறங்கியது. படகைச் சுற்றி ஒரு முறை போனது. பிறகு புல்லில் ஏறி, விட்ட இடத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தது.

“வெக்கங்கெட்டது” என்றான் க்ளோவிஸ்.

மாலையில் நோலன் மறுபடி வாசற்படிகளில் சேற்றை வழித்துச் சமன்செய்தான். கடைசியாகப் படுக்கையறைக் கதவுக்கு முன்னால். கைப்பிடியில் கை வைத்தான். பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது. சின்னதும் தானாகவே வெளியே வந்துவிடும், தாகம் எல்லாவற்றுக்கும்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். கையை எடுத்துவிட்டான்.

வியாழன் காலை. பின்வாசலில் ஒரே தடம்: இரண்டு விரல் கனம், வெளியே போனது, திரும்பவில்லை. நோலன் அந்தத் தடத்தைத் தொடர்ந்து முற்றத்தில் இறங்கி ஓக் மரங்கள் வரை போனான். படகைச் சுற்றிச் சேறு கால்தடமாக இருந்தது. ரக்கூனின் கைவிரல், கொக்கின் மூன்று விரல், காட்டுப் பன்றியின் பிளந்த குளம்பு, என்னவென்று தெரியாத ஏதோ ஒன்றின் இழுப்பு. எல்லாவற்றையும் நின்று படிக்க ஆசையாக இருந்தது. நேரமில்லை. வீட்டுக்கு ஓடினான். படுக்கையறைக் கதவுக்கு முன்னால் சேறு அவன் வழித்து வைத்தபடியே இருந்தது.

ஏழு மணிக்கு வேன் வந்து நின்றது. பன்னிரண்டு பேர் கையுறையோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் மட்டும் இறங்கி வந்தாள்.

“வீட்டில ஒண்ணும் இல்லையே மிஸ்டர் தெரியோ?”

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். வீடு மிஞ்சும். சுண்டுவிரல் கனம்தானே, ஏதாவது புல்பாம்பாக இருக்கும் என்று அவன் காலையிலிருந்து தன்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் இது செப்டம்பர். காங்கோ குட்டி போடுகிற மாதம். குட்டியும் அதே கனம்தான் இருக்கும்.

“ஒண்ணு இருக்கு மிஸ் எஸ்தர். சின்னது. படுக்கையறைக்குள்ள போன தடம் இருக்கு, வெளிய வந்த தடம் இல்ல. விஷமா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

“உள்ள பாத்தீங்களா?”

“இல்ல. கதவத் தொறக்கல.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ தெரியாது. மேட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தரையைக் காட்டச் சொன்னாள். அவன் காட்டினான். கரை ஒதுங்கியிருக்கிற பக்கம், தலை போன பக்கம், கனம். அவள் முழங்காலிட்டுப் பார்த்தாள். இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டும் சரியான கேள்வி. பிறகு எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, முடிவைச் சொன்னாள். முன்பக்கத்து அறைகளை ஆட்கள் தொடங்குவார்கள். படுக்கையறைக் கதவடியில் பலகை வைத்து அடைக்க வேண்டும். அந்த அறைக்குள் தன் ஆட்கள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். நடுப்பகலுக்குள் நோலன் அதைத் தானே உரித்து அந்தப் பாம்பைக் காட்டினால் மீதி வீடும் நடக்கும். காட்டாவிட்டால் கிளம்பிவிடுவார்கள், பாதி உரித்த வீட்டுக்கு அர்த்தமில்லை.

சின்னக் கடப்பாரையும் சுத்தியலும் அவன் கையில் கொடுத்தாள்.

கதவு ஊறி உப்பியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தான்.

அறையில் புளிப்பு நாற்றம். கட்டில் மிதந்து கொஞ்சம் திரும்பி நின்றது, யாரோ பெருக்குவதற்காக இழுத்துவிட்ட மாதிரி. மூடிக் கிடந்ததால் இங்கே சேறு மற்ற அறைகளைவிடக் கனமாகவும் சுத்தமாகவும் படிந்திருந்தது. தடம் அவ்வளவு தெளிவாக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தான். அதைப் பார்க்க முடிந்ததால் மற்றதைப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

சின்னது சுவரோரமாகவே அறையை ஒரு சுற்று வந்திருந்தது. கட்டிலின் நாலு காலையும் தொட்டிருந்தது. அலமாரிக்கு முன்னால் நின்று, ஒதுங்கி, மறுபடி வந்திருந்தது. புது வீட்டுக்கு வந்தவர் மாதிரி எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறது. அதற்கு மேல் தடம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தது. எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் சாமான்களை எடுத்தாக வேண்டும்.

எடுத்தான். ஒவ்வொன்றையும் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்தான். மெத்தையைச் சன்னல் வழியே தள்ளினான். அவளுடைய வெள்ளை ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்தான், தண்ணீர்தான் வந்தது. அலமாரியில் உடைகள் பதினோரு அங்குலம் வரை பழுப்பு, அதற்கு மேல் அதனதன் நிறம். ஒவ்வொரு உடையாக உதறி, வேலியில் போட்டான். பச்சைப் பூப்போட்டது. அக்கா மகளின் ஞானஸ்நானத்துக்கு அவள் உடுத்தியது. வேலைக்குப் போகிற நீலம், மூன்று. உதற வேண்டியிருந்ததால் ஒவ்வொன்றையும் கையில் எடுக்க வேண்டியிருந்தது. முன் அறைகளில் பலகை பெயர்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சபை ஆட்களில் யாரோ ஜெர்மன் மாதிரி ஒரு பாஷையில் மெல்லப் பாடினார்கள்.

பத்து மணிக்கு அறை காலியானது. தடம் கடைசியாகச் சன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டிய பலகையில் இருந்த ஒரு விரிசலில் முடிந்தது. கடப்பாரையின் நுனியைப் பலகையின் மேல்விளிம்பில் கொடுத்து நெம்பினான். ஆணிகள் ஈரமரத்திலிருந்து சத்தமில்லாமல் வந்தன. ஜிப்சம் ஊறிய ரொட்டி மாதிரிப் பெயர்ந்து விழுந்தது.

பஞ்சில், ஒரு பிஸ்கட் அளவு வட்டமாக, அது சுருண்டிருந்தது. உடம்பெல்லாம் செம்பழுப்புப் பட்டை. வட்டத்தின் நடுவிலிருந்து வால் நுனி மட்டும் நட்டுக்கொண்டு நின்றது. எலுமிச்சை மஞ்சள். அது நெளிந்தது. பாம்பு அசையவே இல்லை. நுனி மட்டும் புழு மாதிரி நெளிந்து, நின்று, மறுபடி நெளிந்தது. தவளை இதைப் புழு என்றே நம்பும், கிட்டே வரும் என்று நோலனுக்கு எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. படித்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பிறந்து பத்து நாள்கூட ஆகாத ஒன்றுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவன் முழங்காலில் உட்கார்ந்து, மனிதரைத் தவளை என்று நினைத்துத் தூண்டில் போடுகிற அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நெட்டுக் கண்மணி. காங்கோதான்.

காபித் தகர டப்பாவைப் பக்கத்தில் படுக்க வைத்து, குப்பை முறத்தால் பஞ்சோடு சேர்த்து உள்ளே தள்ளி, மூடினான்.

டப்பாவை முற்றத்துக்குக் கொண்டுவந்தான். எஸ்தர் தன் ஆட்களை இரண்டு எட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. இதுவும் அந்த விஷம்தானா என்றாள். குட்டிக்கும் அதே விஷம்தான் என்றான். வாலைக் காட்டினான். புழுவைப் பற்றிச் சொன்னான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவன் சேர்ந்தாற்போல் பேசியதை க்ளோவிஸ் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒண்ணே ஒண்ணுதான் போடுமா இது?” என்று எஸ்தர் கேட்டாள்.

“இல்ல மிஸ் எஸ்தர். ஆறு, ஏழு. சிலது பத்து.”

“அப்ப மத்ததெல்லாம்?”

பன்னிரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

“எங்கேன்னு தெரியாது. இந்த வீட்டுக்குள்ள இந்தக் கனத்துல வந்தது ஒரே தடம். செவ்வாய்லேருந்து எல்லா வாசப்படியும் பாத்திருக்கேன்.”

“சேத்த நம்பி என் ஆளுங்கள உள்ள விடலாங்கிறீங்க.”

“சேறு பொய் சொல்லாது. நான் தப்பாப் படிச்சிருந்தா நான்தான். பின்னறைங்கள்ல ஒவ்வொரு பலகையையும் மொதல்ல நான் பெயர்க்கிறேன். நான் பாத்த பிறகு உங்க ஆளு வரட்டும்.”

எஸ்தர் டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் இல்லை என்று சொல்லியிருக்கலாமே நீங்கள் என்றாள், கேள்வியாக அல்ல. பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, பின்னறைகளில் கையை விடாதே, கம்பியை மட்டும் விடு, இவர் முதலில் என்றாள்.

“மாப்ள தூண்டில் போட்டா ஒஹாயோவே மாட்டுது” என்றான் க்ளோவிஸ். டப்பாவை வாங்கிக்கொண்டு, கையை நீட்டி முடிந்த தூரத்தில் பிடித்தபடி ஓக் மரங்கள் பக்கம் நடந்தான்.

குளியலறை, நடை, சமையலறையின் பின்சுவர். ஒவ்வொன்றிலும் நோலன் முதலில் நெம்பி, குனிந்து, விளக்கடித்துப் பார்த்து, தலையசைத்த பிறகு அவர்கள் வந்தார்கள். ஒரு தவளை இருந்தது. ஒரு நண்டு. சுவருக்குள் எப்படியோ போன யாருடைய பல் துலக்கியோ ஒன்று. பாம்பு இல்லை. நாலு மணிக்கு எல்லாம் தெருவோரக் குவியலில் கிடந்தது. வீடு வெறும் சட்டமாக நின்றது. படுக்கையறையில் நின்றால் கூடம், வாசல், சாலை எல்லாம் கட்டைகளுக்கு இடையே தெரிந்தன. காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது.

கிளம்பும் முன் எஸ்தர் சட்டைப் பையிலிருந்து இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி ஒன்றை எடுத்துக் கட்டையில் அழுத்தினாள். நோலன் அது என்ன என்றான். மரத்துக்குள் எவ்வளவு ஈரம் என்று சொல்லும், நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே வரும் வரை புதுப் பலகை அடிக்கக் கூடாது என்றாள். எவ்வளவு நாளாகும் என்றான். வீட்டுக்கு வீடு வேறு, ஆறு வாரம், எட்டு வாரம், தினமும் பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

கொஞ்சம் தருகிறீர்களா என்று கை நீட்டினான். தெற்குப் பக்கத்துக் கட்டையில் பார்த்தான், வடக்குப் பக்கத்தில் பார்த்தான். கடலைப் பார்த்த பக்கம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. வேனில் ஆட்கள் காத்திருந்தார்கள். வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

வேன் போன பிறகு அவன் படுக்கையறைக்கு வந்தான். சன்னலுக்குக் கீழே, பாம்பு இருந்த இடத்தின் கட்டையில் ஊசிகளை அழுத்தினான். முப்பத்தெட்டு. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கட்டையில் தேதி போட்டு, எண்ணை எழுதினான். அதற்குக் கீழே நாளைக்கு எழுத இடம் விட்டு, அடுத்த கட்டைக்கு நகர்ந்தான்.